பதின்மூன்றிலிருந்து இருபத்தைந்து வரை: போதைப் பழக்கத்தின் போக்கைத் தாளில் வரைந்து படிப்பது

போதைப் பழக்கத்தை ஒரு நாள் நடந்த சம்பவமாகப் பார்க்கும்போது இரண்டு விதமான தவறு நேர்கிறது. பதினாறு வயதில் நண்பன் நீட்டிய சிகரெட்டை ஒரே ஒரு முறை இழுத்துப் பார்த்தவன் வீட்டில் பெரிய ரகளை நடக்கிறது. இருபத்திரண்டு வயதில் வேலைக்கும் போய்க்கொண்டு, சம்பளமும் வாங்கிக்கொண்டு, இரவானால் அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் குடிப்பவனைப் பற்றி "அவன் பாட்டுக்கு இருக்கான், யாருக்கும் தொந்தரவு இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். முதலாமவனுக்கு ஒரு நிதானமான பேச்சு போதும். இரண்டாமவனுக்கு உதவி கிடைத்திருக்க வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது. இருவரையும் பிரித்தறிய, குடித்த அளவையும் பொருளின் பெயரையும் மட்டும் பார்த்தால் போதாது. எந்த வயதில் தொடங்கியது, எப்படி ஏறியது, எங்கே நின்றது, எதற்காகத் திரும்பி வந்தது என்ற முழுப் போக்கையும் பார்க்க வேண்டும்.

இளைஞர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுகிற வேலையில் இந்தப் போக்கைத் தாளில் வரைந்து பார்ப்பது ஒரு வழக்கமான முறை. ஆலோசகர்தான் செய்ய வேண்டும் என்றில்லை. அண்ணன், அக்கா, நம்பிக்கையான ஆசிரியர், ஏன், பழக்கத்தில் இருப்பவரே தனியாக உட்கார்ந்தும் செய்யலாம். அதை எப்படிச் செய்வது, எதைப் பார்ப்பது, எங்கே ஏமாந்துபோவோம் என்பதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

முதலில், பொதுவாக என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரே கூட்டத்து இளைஞர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. எல்லோரையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி எடுத்தால், பதின்ம வயதின் நடுவில் பயன்பாடு ஏறத் தொடங்கி, இருபதுகளின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்குகிற ஒரு மலை தெரியும். அந்தச் சராசரி மலையை நம்பி "வயசானா தானா சரியாயிடும்" என்று சொல்வதுதான் பெரிய ஆபத்து. 1990-களின் கடைசியில் டேனியல் நாகின் போன்றவர்கள் இந்தச் சராசரியைப் பிரித்து, ஒரே மாதிரி போக்கில் போகிறவர்களைத் தனித்தனிக் குழுக்களாகப் பார்க்கும் புள்ளியியல் முறையை முன்வைத்தார்கள். அப்படிப் பிரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்பச் சில போக்குகள் தெரிகின்றன. கடைசிவரை தொடாதவர்களும் எப்போதாவது மட்டும் தொடுகிறவர்களும் பெரும்பான்மை. சிலர் பதின்மத்தில் ருசி பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சிலர் கல்லூரியிலும் முதல் வேலையிலும் உச்சத்துக்குப் போய், பொறுப்புகள் வந்ததும் இறங்கிவிடுகிறார்கள். பள்ளிக் காலம் முழுக்கச் சுத்தமாக இருந்துவிட்டு இருபதில் தொடங்கி வேகமாக ஏறுகிற ஒரு கூட்டமும் உண்டு. இவர்களை யாரும் கவனிப்பதில்லை. எண்ணிக்கையில் குறைவாக, ஆனால் அதிகச் சேதத்தோடு, பதினான்குக்கு முன்பே தொடங்கி முப்பதிலும் இறங்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தொடங்கும் வயது ஏன் இவ்வளவு முக்கியம்? அமெரிக்காவில் பிரிஜெட் கிராண்ட், டெபோரா டாசன் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேல் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 அல்லது அதற்கு மேல் தொடங்கியவர்களில் அது ஏறத்தாழ 10 சதவீதம். ஆனால் இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தில் அடிக்கக் கூடாது. சீக்கிரம் தொடங்குகிறவர்களில் பலருக்கு வீட்டில் ஏற்கெனவே குடி இருந்திருக்கும். அடி, அவமானம், இழப்பு இருந்திருக்கும். கவனக்குறைபாடு போன்ற ஒன்று கண்டுபிடிக்கப்படாமலே போயிருக்கும். சீக்கிரத் தொடக்கம் காரணமாகவும் இருக்கலாம், உள்ளே இருக்கும் வேறொரு காயத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால் பதினான்குக்கு முன் தொடங்கியவரிடம் பேசும்போது பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த வயதில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம் இளம் உடலுக்கே உரியது. சுகத்தைத் தேடும் மூளைப் பகுதிகள் பதின்மத்திலேயே வேகமெடுத்துவிடுகின்றன. நிறுத்து, யோசி என்று சொல்லும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது. அதோடு, இளம் எலிகளில் செய்த ஆய்வுகளில், மது தரும் தள்ளாட்டமும் தூக்கமும் வளர்ந்த எலிகளைவிடக் குறைவாகவே தெரிந்தன. 'போதும்' என்று உடல் சொல்லும் குரல் இந்த வயதில் தாமதமாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். "எனக்கு ஏறவே மாட்டேங்குது" என்று ஒரு பையன் பெருமையாகச் சொன்னால், நண்பர்கள் கைதட்டுவார்கள். கவலைப்பட வேண்டிய வாக்கியம் அது. குறைந்த அளவில் போதை தெரியாதவர்கள் பின்னாளில் குடிச்சிக்கலுக்கு ஆளாகும் வாய்ப்பு கூடுதல் என்பதை மார்க் ஷக்கிட் பல வருடம் தொடர்ந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். பெண்களுக்கு வேறு கணக்கு: உடல் எடை ஒன்றாக இருந்தாலும் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே அளவு மது இரத்தத்தில் அதிகமாக நிற்கும். ஆண் நண்பர்களோடு சரிக்குச் சரி குடிக்கும் பெண் உண்மையில் அவர்களைவிடக் கூடுதலான போதையைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

தாளை எடுப்பது

ஏ4 தாள் ஒன்றைப் படுக்கை வாக்கில் வையுங்கள். நடுவில் ஒரு நீளக் கோடு. இடது ஓரத்தில் 10 வயது, வலது ஓரத்தில் இன்றைய வயது, இடையில் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு குறி. பேனா இளைஞரின் கையில் இருக்கட்டும். உங்கள் கைக்குப் போனால் அது விசாரணைத் தாளாகிவிடும்.

முதல் கால் மணி நேரம் போதையைப் பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். பள்ளி மாறியது, வீடு மாறியது, தாத்தா இறந்தது, அப்பாவுக்கு வேலை போனது, பொதுத்தேர்வு, விடுதி, முதல் காதல், முதல் சம்பளம், கால் முறிந்து விளையாட்டை விட்டது, இவற்றையெல்லாம் கோட்டின் மேலேயே குறிக்கச் சொல்லுங்கள். இவைதான் நினைவைப் பிடித்து நிறுத்தும் முளைகள். "எந்த வயசுல ஆரம்பிச்ச?" என்று நேரடியாகக் கேட்டால் வாய்க்கு வந்த எண் வரும். "விடுதிக்குப் போறதுக்கு முன்னாடியா, அப்புறமா?" என்று கேட்டால் சரியான பதில் வரும்.

பிறகு கோட்டுக்கு மேல்பக்கம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிறம்: புகையிலை, மது, கஞ்சா, மாத்திரை, மற்றவை. வேப் எனும் மின்சிகரெட் இருந்தால் சிகரெட்டோடு சேர்க்காமல் தனி நிறம் கொடுங்கள். சிகரெட் எரிந்து முடியும், பாக்கெட் காலியாகும், அதை எண்ணலாம். வேப்புக்கு முடிவே இல்லை. "எத்தனை?" என்று கேட்பதால் பயனில்லை, "ஒரு பாட்டில் திரவம் அல்லது ஒரு பாட் (திரவம் நிரப்பிய சிறு குப்பி) எத்தனை நாள் வரும், அதில் நிகோடின் எத்தனை சதவீதம்?" என்றுதான் கேட்க வேண்டும். ஒவ்வொரு காலகட்டத்துக்கும் இரண்டு எண்களைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்: மாதத்தில் எத்தனை நாள், அந்த நாளில் எவ்வளவு. இரண்டையும் குழப்பிச் சராசரி கேட்டால் எல்லாமே குறைவாகத்தான் தெரியும். மாதம் நான்கே நாள் குடிக்கிறவர் ஒவ்வொரு முறையும் நினைவு தப்பும்வரை குடிக்கிறார் என்பது சராசரியில் மறைந்துபோகும்.

மதுவுக்கு 'கிளாஸ்', 'ரவுண்டு' கணக்கு வேண்டாம், ஒவ்வொருவர் ஊற்றும் அளவும் வேறு. மில்லிலிட்டரை அதில் உள்ள ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, 0.789-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்தால் சுத்த ஆல்கஹால் எத்தனை கிராம் என்று வரும். 5 சதவீத பீர் 500 மில்லி என்றால் சுமார் 20 கிராம். அதே 500 மில்லி 8 சதவீத பீர் என்றால் சுமார் 32 கிராம். 40 சதவீத சரக்கு 60 மில்லி என்றால் சுமார் 19 கிராம். "நான் பீர் மட்டும்தான்" என்பவர் வலுவான பீரில் இரண்டு குடித்தால் 60 கிராமைத் தாண்டிவிடுகிறார். ஒரே அமர்வில் 60 கிராம் என்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் கட்டற்ற குடி என்று கணக்கிடுகிறது. இந்தக் கணக்கை அவர் கையாலேயே போடவிடுங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் பேசி உணர்த்த முடியாததை அந்தப் பெருக்கல் உணர்த்திவிடும்.

கோட்டுக்குக் கீழ்ப்பக்கம் எழுதுவதுதான் தாளின் உயிர். யாரோடு, எங்கே, நாளின் எந்த நேரத்தில், பணம் எங்கிருந்து, எதற்காக. ஒவ்வொரு காலகட்டத்துக்கும் இந்த ஐந்தும். கடைசியில் தூக்கம்: அந்த வருடங்களில் எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுந்தார் என்று ஒரு வரி.

முழுத் தாளுக்கும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கடைசி 90 நாளுக்கு மட்டும் தனியாக ஒரு நாள்காட்டி வைத்துக்கொண்டு, நாள்வாரியாகப் பின்னோக்கிப் போகலாம். மார்க் சோபெல், லிண்டா சோபெல் தம்பதியர் உருவாக்கிய முறை இது; ஆய்வுகளில் இன்றும் புழங்குகிறது. வார நாள்கள் நினைவில்லை என்பவரிடம் கைப்பேசியைத் திறந்து, அன்று எடுத்த படங்களையும் பணம் அனுப்பிய பதிவுகளையும் அவரே பார்த்துச் சொல்லட்டும். நீங்கள் வாங்கிப் பார்க்கக் கூடாது.

கேட்கும் விதம் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பதற்கு ஓர் உரையாடலைக் காட்டலாம்.

"மாசத்துல எத்தனை நாள் தம்பி?"

"எப்பவாச்சும்தான் சார். ஃப்ரெண்ட்ஸ் வந்தா."

"போன சனிக்கிழமை?"

"அன்னைக்கு லேசா."

"யார் யார் வந்திருந்தாங்க?"

"அன்னைக்கு யாரும் வரலை சார். ரூம்ல நான் மட்டும்தான்."

"அதுக்கு முந்தின சனிக்கிழமை?"

"…அன்னைக்கும் நான் மட்டும்தான்."

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. 'நண்பர்கள் வந்தால்' என்பது இரண்டு வருடத்துக்கு முன்பு உண்மையாக இருந்தது. மனதில் அந்தப் படம்தான் இன்னும் இருக்கிறது. பழக்கம் மாறிய பிறகும் அதைப் பற்றி நாம் சொல்லிக்கொள்ளும் கதை பழையபடியே இருக்கும். குறிப்பிட்ட நாளைக் கேட்டால்தான் இன்றைய நிலை வெளியே வரும்.

தாளில் எதைப் பார்ப்பது

'எதற்காக' வரிசையை இடமிருந்து வலமாகப் படியுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நாங்கள் அதிக எடை கொடுக்கிறோம். லின் கூப்பர் 1994-இல் பதின்மரின் குடிக்கான காரணங்களை நான்காகப் பிரித்தார்: கூட்டத்தோடு மகிழ, போதையின் சுகத்துக்காக, ஒதுக்கிவிடுவார்களோ என்று, மனவேதனையைச் சமாளிக்க. கடைசிக் காரணம் சொல்கிறவர்களுக்கு, குடிக்கும் அளவு மற்றவர்களைப் போலவே இருந்தாலும், சிக்கல்கள் கூடுதலாக வருகின்றன. தாளில் பதினேழில் 'ஜாலிக்கு' என்று எழுதியிருப்பார். பத்தொன்பதில் 'போர் அடிச்சா'. இருபத்தொன்றில் 'தூக்கம் வர'. இருபத்திரண்டில் காரணம் எழுதும் இடம் காலியாக இருக்கும், அல்லது 'தெரியல' என்று இருக்கும். அளவு ஏறாமல் இருந்தாலும் இந்த வரிசை அப்படி நகர்ந்திருந்தால் அது அவசர நிலை. அளவு ஏறியிருந்தும் காரணம் மாறாமல் 'கூட்டத்தோடு' என்றே இருப்பவர்களில் பலர் பின்னர் இறங்கிவிடுகிறார்கள்.

அடுத்து, கூட்டம் சுருங்குகிறதா என்று பாருங்கள். ஆறு பேர், மூன்று பேர், ஒருவர். நேரமும் முன்னால் நகரும்: இரவு பத்து, மாலை ஆறு, மதியம். புகையிலைக்கு இது இன்னும் துல்லியமான அளவுகோல். எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதுதான் நிகோடின் அடிமைத்தனத்தை அளக்கும் ஃபேகர்ஸ்ட்ராம் வினாத்தாளின் மையக் கேள்வி. 5 நிமிடத்துக்குள் என்றால் 3 புள்ளி, 30 நிமிடத்துக்குள் என்றால் 2, ஒரு மணி நேரத்துக்குள் என்றால் 1. நாளுக்கு ஐந்துதான் பிடிக்கிறேன் என்பவர் அதில் ஒன்றை எழுந்த ஐந்தாவது நிமிடத்தில் பிடித்தால், எண்ணிக்கையை நம்பாதீர்கள். நிகோடினில் இன்னொன்றும் உண்டு: தினமும் பிடிக்கத் தொடங்கும் முன்பே, வாரத்துக்கு ஓரிரண்டு பிடிக்கும் பதின்மரிடமே கட்டுப்பாடு இழப்பின் அறிகுறிகள் தோன்றலாம். 'கிடைக்கலைன்னா எரிச்சலா இருக்கா?' என்ற கேள்விக்கு ஆம் என்று வந்தால் தொடக்க நிலை முடிந்துவிட்டது என்று பொருள்.

பிறகு நிறங்கள் அடுக்கப்படுகின்றனவா, மாற்றப்படுகின்றனவா. டெனிஸ் கேண்டல் 1975-இல் எழுதியதிலிருந்து, லேசான மது, சிகரெட், கஞ்சா, பிற பொருள்கள் என்ற ஏணியைப் பலர் பேசிவருகிறார்கள். ஆனால் ஏணியில் ஒரு படியில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அடுத்த படிக்குப் போவதில்லை. தாளில் கவனிக்க வேண்டியது வேறு: புதிய நிறம் தொடங்கும்போது பழைய நிறம் நிற்கிறதா, அல்லது இரண்டும் ஒரே இரவில் சேர்கிறதா. ஒரே இரவில் மதுவும் தூக்க மாத்திரையும், மதுவும் ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரையும் சேர்வது தனித்தனியாகப் பயன்படுத்துவதைவிடப் பல மடங்கு ஆபத்து. இரண்டும் மூச்சை மந்தமாக்குகின்றன.

எதெல்லாம் தாளிலிருந்து காணாமல் போனது என்பதையும் கேளுங்கள். பதினைந்தில் கால்பந்து இருந்தது, பாட்டு வகுப்பு இருந்தது, அத்தை வீட்டுக்குப் போவது இருந்தது. எது எப்போது நின்றது? ஒரு பொருள் ஏறிய பிறகு நின்றதா, நின்ற பிறகு பொருள் ஏறியதா? காயத்தால் விளையாட்டை விட்ட பையனின் தாளில், கஞ்சாவின் கோடு அந்த மாதத்திலிருந்தே ஏறுவதைப் பார்க்கலாம். அங்கே பேச வேண்டியது கஞ்சாவைவிட அந்தக் காலை ஐந்து மணிப் பயிற்சியும் அணியும் திடீரென்று இல்லாமல் போனதைப் பற்றித்தான்.

இடைவெளிகளைத் தவறவிடாதீர்கள். எந்தத் தாளிலும் ஏதாவது ஒரு இடைவெளி இருக்கும். நான்கு மாதம், ஒரு தேர்வுப் பருவம், ஒரு காதல் நீடித்த காலம். வீட்டார் அதைப் 'பொய்யா நடிச்ச நாள்' என்று சொல்வார்கள். எங்கள் கண்ணுக்கு அது தாளிலேயே மதிப்புள்ள பகுதி. அந்த மாதங்களில் மாலை ஆறு மணிக்கு என்ன செய்தார், யாரோடு இருந்தார், எப்படித் தூங்கினார் என்பதில்தான் சிகிச்சைத் திட்டத்தின் பாதி இருக்கிறது. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகி நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் தொடர்ந்து ஆராய்ந்தார். திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 சதவீதம்தான். சூழல் முழுவதுமாக மாறினால் பழக்கத்தின் பிடி எவ்வளவு தளரும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் இதை வைத்துப் பையனை வேறு ஊரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது பெரும்பாலும் பலிப்பதில்லை. கைப்பேசியும், வெறுமையான மாலைகளும், தூங்க முடியாத இரவும் கூடவே போகின்றன.

தானாக இறங்குகிறவர்கள் ஏன் இறங்குகிறார்கள் என்பதும் தாளில் தெரியும். நிலையான வேலை, துணை, குழந்தை, காலையில் தன்னை எதிர்பார்த்து யாரோ காத்திருப்பது. 1962-லேயே சார்லஸ் வினிக் இதை முதிர்ந்து விலகுவது என்று எழுதினார். வயது கூடுவதால் மட்டும் அது நடக்காது. பொறுப்பு வந்து உட்கார வேண்டும். "கல்யாணம் பண்ணி வெச்சா திருந்திடுவான்" என்ற பேச்சு இங்கேதான் தடம் புரள்கிறது. பழக்கம் சமாளிப்புக்காக என்று மாறிவிட்டவருக்குப் புதிய பொறுப்பு என்பது சமாளிக்க வேண்டிய இன்னொரு சுமை. அந்தச் சுமையை வேறொரு பெண்ணின் தலையில் ஏற்றுவது அநியாயம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வினாத்தாள்களும் சோதனைகளும் பற்றிச் சுருக்கமாக. 12 முதல் 21 வயது வரையானவர்களுக்குக் கிராஃப்ட் என்ற ஆறு கேள்விகள் உண்டு; இரண்டு 'ஆம்' வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். மதுவுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற வினாத்தாள், பத்துக் கேள்வி, 8 புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் கவனம் தேவை. வீட்டில் சிறுநீர்ப் பட்டை வாங்கிச் சோதிப்பதை நாங்கள் ஆதரிப்பதில்லை. தினமும் கஞ்சா பிடித்தவர் முழுமையாக நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை, சில சமயம் அதற்கு மேலும், சோதனை 'உண்டு' என்றே காட்டும். நிறுத்தியவரைப் பொய்யன் என்று சொல்லிவிடுவீர்கள். முந்தாநாள் இரவு முழுக்கக் குடித்தவர் சாதாரணப் பட்டையில் தப்பிவிடுவார். சில சளி மாத்திரைகளை எடுத்திருந்தால் ஆம்பெட்டமின் என்ற போதைப்பொருள் இருப்பதாகத் தவறாகக் காட்டும். எல்லாவற்றையும்விட, பட்டையில் தெரியாத, இன்னும் மோசமான செயற்கைப் பொருளுக்குப் பிள்ளை தாவுவான்.

பேச்சு

தாள் முடிந்ததும் தீர்ப்பு சொல்லும் ஆசை வரும். சொல்லாதீர்கள். வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் இருவரும் வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் முறையில் ஒரு கேள்வி எப்போதும் கைகொடுக்கும். "இதைக் குறைக்கணும்னு உனக்கு எவ்வளவு தோணுது, பூஜ்யத்துலேர்ந்து பத்து வரைக்கும்?" எதிரே இருக்கும் இளம்பெண் நான்கு என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "ஏன் பத்து இல்லை?" என்று கேட்டால் பழக்கத்துக்காக வாதாடத் தொடங்குவாள். "ஏன் ஒண்ணுன்னு சொல்லாம நாலுன்னு சொன்ன?" என்று கேளுங்கள். நிறுத்துவதற்கான காரணங்கள் அவள் வாயாலேயே வரும். அவற்றை அவள் சொன்ன சொற்களிலேயே தாளின் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். போதையில் இருக்கும்போதும், பிடிபட்ட அன்றும், விருந்தினர் வீட்டில் இருக்கும்போதும் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். அப்பா அம்மா இருவரும் சேர்ந்து எதிரே உட்கார்ந்தால் நீதிமன்றம்போல் ஆகிவிடும். ஒருவர் போதும், அதுவும் பக்கவாட்டில், நடந்துகொண்டோ வண்டியில் போய்க்கொண்டோ.

காலம் பார்த்துப் பேசுவதும் முக்கியம். வீட்டைவிட்டு வெளியே தங்கும் முதல் ஆறு வாரம், முதல் சம்பளம் வரும் மாதம், உறவு முறிந்த பிறகான சில வாரங்கள், இரவுப் பணிக்கு மாறிய தொடக்கம்: கோடு திடீரென்று ஏறும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். ஏறிய பிறகு கண்டிப்பதைவிட, ஏறும் என்று தெரிந்த வாரத்தில் தினமும் ஒரு போன் போடுவது நூறு மடங்கு பயன் தரும்.

நிறுத்தும்போது

நிறுத்துவது என்று முடிவானால், எந்தப் பொருளை எப்படி நிறுத்துவது என்பதில் பெரிய வேறுபாடு உண்டு. தினமும் அதிகமாகக் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், வியர்ப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணி நேரம் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் மனக்குழப்பமும் இல்லாதவை தெரிவதும் தொடங்கலாம். உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில், தயமின் (வைட்டமின் பி1) ஊட்டத்தோடுதான் நிறுத்த வேண்டும். வீட்டில் ஒரு அறையில் பூட்டி வைப்பது கொலைக்குச் சமம். தினமும் எடுத்த தூக்க மாத்திரைகளும் இதே வகைதான், படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சிகரெட்டையும் கஞ்சாவையும் நிறுத்தும்போது உயிராபத்து இல்லை, ஆனால் தோல்விக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும். நிகோடின் தவிப்பு முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். கஞ்சாவுக்கு ஓரிரு நாளில் எரிச்சல், பசியின்மை, வியர்வை தொடங்கி, முதல் வாரத்தில் உச்சமாகி, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கமின்மையும் விசித்திரமான கனவுகளும் மட்டும் அதற்கு மேலும் நீளலாம். "எனக்குக் கஞ்சா இல்லாம தூக்கமே வராது, அது எனக்கு மருந்து" என்று சொல்லித் திரும்புகிறவர்கள் இந்த இடத்தில்தான் திரும்புகிறார்கள். அது நிறுத்தியதால் வரும் தவிப்பின் பகுதி, சில வாரத்தில் போய்விடும் என்று முன்கூட்டியே தேதியோடு எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் பிடித்துக்கொள்வார்கள் என்பது எங்கள் எண்ணம்.

தாளில் உயிருக்கு அதிக ஆபத்துள்ள இடம் உச்சம் அல்ல. இடைவெளிக்குப் பிறகு கோடு மறுபடி எழும் இடம். இரண்டு வாரம் மருத்துவமனையில், மூன்று மாதம் மறுவாழ்வு மையத்தில் இருந்து வெளியே வந்தவரின் உடல் பழைய தாங்குதிறனை இழந்திருக்கும். கை பழைய அளவையே எடுக்கும். ஹெராயின், வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு வகைகளில் இதனால்தான் பலர் இறக்கிறார்கள். வெளியே வரும் நாளிலேயே, 'இனிமேல் தொடமாட்டான்' என்ற நம்பிக்கையைத் தள்ளிவைத்துவிட்டு, வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் கீழ்க்கண்டதைக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும்.

எழுப்பினால் எழவில்லை, நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்கும் குறைவு, மூச்சுக்கிடையில் பத்து வினாடிக்கு மேல் இடைவெளி, உதடோ நகமோ நீலம், தொண்டையில் களகளவென்ற குறட்டை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அது தூக்கம் இல்லை. காபி கொடுக்காதீர்கள், தலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் பக்கக் காலை மடக்கி முட்டுக்கொடுத்து, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து வாய் கீழ்நோக்கி இருக்கும்படி விடுங்கள். மூச்சு இல்லை என்றால் செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் கொடுங்கள். குடித்தவராக இருந்தால், கடைசியாகக் குடித்தது வயிற்றிலிருந்து இன்னும் இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். 'படுத்தா சரியாயிடும்' என்று அறையில் விட்டுப் போகக் கூடாது. என்ன எடுத்தார் என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை அட்டை கிடந்தால் கையில் எடுத்துப் போங்கள். ஓபியாய்டாக இருந்து, அதை முறிக்கும் நாலொக்சோன் மருந்து கையில் இருந்தால் உடனே கொடுங்கள். அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான்; உள்ளே இருக்கும் பொருள் அதைவிட நீண்ட நேரம் நிற்கலாம். எனவே அவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போறேன்" என்று சண்டை போட்டாலும், தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.